வேனில் குத்து விழாத ஒரே இடம்

போன வாரம் மதுரை ரிங் ரோட்டில் என் காரில் சிக்னலுக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு கார் வந்து நின்றது. திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே அதில் ஓடிய பாட்டின் குத்து என் விலாவில் தட்டிவிட்டது. கண்ணாடி ஏற்றித்தான் இருந்தது. ஆனாலும் என் தண்ணீர் பாட்டிலுக்குள் வட்டம் வட்டமாக அலை எழும்பியது.

"ஸ்பீக்கர் பெட்டியை டிக்கிக் கதவைப் பார்த்து வைத்திருக்கிறான். நம்பர் பிளேட்டில் ஒரு திருகு லூஸ்" என்றேன். பாலிடெக்னிக்கில் என்னோடு பாடம் எடுக்கும் டீச்சர் பக்கத்து சீட்டில் இருந்தார். ஜோசியக்காரியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். பச்சை விழுந்து கார் முன்னால் போனதும் பார்த்தால், நம்பர் பிளேட் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டு கிடுகிடுவென்று ஆடியது. எனக்குத் தலைக்கனம் அதிகம் என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கட்டும், சும்மா வந்ததில்லை.

ஆனால் அவரிடம் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். அந்தக் குத்து விழுந்த நொடியில் என் கை கைப்பைக்குள் போய் போனைத் தேடியது. கண் வானத்தில் புகை தேடியது. படித்து, வேலைக்கு வந்து, கடன் போட்டுக் கார் வாங்கியும் இது மட்டும் போகவில்லை.

சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். எங்கிருந்தாவது தொம்மென்று சத்தம் வந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடி வருவோம். அடுப்பில் உலை கொதித்தாலும் சரி, தலையில் பாதி எண்ணெய் தேய்த்திருந்தாலும் சரி. வந்ததும் எல்லோரும் அண்ணாந்து வானத்தைச் சுற்றிப் பார்ப்பார்கள். புகை எழும்பும் திசையில் எந்தப் பட்டாசுக் கம்பெனி இருக்கிறது, அங்கே யார் வீட்டு ஆள் போயிருக்கிறது என்று மனசு கணக்குப் போடும். கணக்கு யார் வீட்டில் போய் நிற்கிறதோ அந்த வீட்டிலிருந்து முதல் கூப்பாடு கிளம்பும். மற்றவர்கள் ஒரு மூச்சு விட்டுக்கொள்வோம். அப்படி மூச்சு விட்டதற்காகவே அன்று முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம்.

ரெக்ஸின் ஒட்டும் பசையின் வாடை எங்கே அடித்தாலும் எனக்கு அந்தக் கடை ஞாபகம் வந்துவிடும். கேசட் ஒழிந்து எம்.பி.த்ரீ சி.டி. வந்திருந்த காலம். சிவகாசியில் சாத்தூர் ரோட்டோரம் இருந்த கார் டெக்கரேஷன் கடை அது. சீட் கவர், சன் ஃபிலிம், விதவிதமான ஹாரன், பாட்டு செட்டு எல்லாம் போடுவோம். விருதுநகரில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்த கையோடு அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். அப்பாவும் அம்மாவும் காட்டு வேலை பார்த்துக் கழித்தவர்கள். அக்கா பேச்சியம்மாள் சின்ன வயதிலேயே தீப்பெட்டி ஒட்டி, பிறகு பட்டாசுக்குப் போய் என்னைப் படிக்க வைத்தாள்.

கடைக்கு வருகிறவர்களிடம் முதலாளி என்னைக் காட்டி, "அந்தா நிக்கிதே, அந்தப் புள்ளதான் ஒயரிங்கு" என்பார்.

"பொம்பளப் புள்ளயா? ஷாக்கு கீக்கு அடிச்சிறப் போவுது."

"பேட்டரி கரண்டுதாண்ணே. வீட்ல எங்க மதனி அடிக்கிறதவிடக் கம்மியாத்தான் அடிக்கும்" என்பேன். முதலாளி கல்லாவுக்குள் முகத்தை விட்டுக்கொண்டு சிரிப்பார்.

எங்கள் ஊருக்கு வரும் கம்பெனி வேனை ஓட்டியவர் கருப்பசாமி அண்ணன். காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்ச் சாயங்காலம் கொண்டுவந்து விடுவார். அந்த நாளில் எந்த வேனில் பாட்டு நன்றாக இருக்கிறதோ அந்தக் கம்பெனிக்குத்தான் பெண்கள் போவார்கள். சிரிக்காதீர்கள். எல்லாக் கம்பெனியிலும் அதே வேலை, அதே மருந்துப் பொடி, அதே இருமல். வித்தியாசம் வேனில் மட்டும்தான். பக்கத்து ஊர் வேனில் பெரிய செட்டுப் போட்டதும் கருப்பசாமி அண்ணனின் சீட்டுகள் காலியாக ஆரம்பித்தன. அவர் நேரே எங்கள் கடைக்கு வந்தார்.

"தங்கச்சி, ஊபர் வைக்கணும். குத்துனா நெஞ்சுக்கூடு அதிரணும்ல."

கால் வைக்கிற இடம் போக மிச்சமிருந்தது பின் சீட்டுக்கு அடியில்தான். குத்தை மட்டும் அடிக்கும் அந்த வூஃபர் பெட்டியை அங்கே, முன்பக்கம் பார்த்து வைத்து முடுக்கிக் கொடுத்தேன். வண்டியைக் கிளப்பிப் பாட்டைப் போட்டவர் என்னைக் கும்பிட்டார்.

அந்தப் பின் சீட்டில், பின்கதவை ஒட்டி உட்காருகிறவள் என் அக்கா.

அவள் எங்கே போனாலும் கதவுப் பக்கம்தான் உட்காருவாள். கல்யாண வீடு, ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, எதுவானாலும். அவள் புருஷன், என் மச்சான், செத்ததிலிருந்து அப்படி. மருந்து அடைக்கும் ஷெட்டில் உள் மூலையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர் அவர். தீ பிடித்தபோது வாசலை ஒட்டி இருந்தவன் வெளியே குதித்துவிட்டான். "கதவுகிட்ட இருந்தவன் இன்னைக்கும் கடையில டீ குடிக்கான்" என்று அக்கா சொல்வாள். மச்சானை ஒரு வேட்டியில் சுற்றிக் கொடுத்தார்கள். வேண்டாம் வேண்டாம் என்று எல்லோரும் தடுத்தும் அவள் அவிழ்த்தாள். கால் விரலில் இருந்த பழைய வெட்டுத் தழும்பைத் தடவிப் பார்த்து, "இவுகதான்" என்றாள். அழவில்லை. காரியம் முடிந்ததும் மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு வேறொரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

பெட்டி வைத்த மறுநாள் காலை வேன் ஊர் எல்லையைத் தாண்டியதும் கருப்பசாமி அண்ணன் பாட்டைப் போட்டிருக்கிறார். முதல் குத்து அக்காவின் தொடையிலும் முதுகிலும் விழுந்தது. அவளுக்குக் காதில் எதுவும் கேட்கவில்லையாம். உடம்புதான் கேட்டது. ஓடுகிற வேனின் பின்கதவை உதைத்துத் திறந்தாள். பக்கத்தில் இருந்த முத்துலட்சுமியின் கொண்டையைப் பிடித்து, "வாடி வெளிய, வாடி" என்று இழுத்துக்கொண்டு குதித்துவிட்டாள். இரண்டு பேரும் ரோட்டில் உருண்டார்கள். முத்துலட்சுமியின் முழங்கை எலும்பு தெரியக் கிழிந்தது. இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அக்கா அவளைக் காப்பாற்றத்தான் இழுத்தாள். முத்துலட்சுமி எழுந்ததும் செருப்பைக் கழற்றி அக்காவை அடித்தாள்.

கருப்பசாமி அண்ணன் அப்போது நல்ல மனசோடுதான் இருந்தார். கம்பெனி வாசலில் நிறுத்திப் பெட்டியைக் கழற்றி, அதன் முகத்தைத் திருப்பிப் பின்கதவைப் பார்த்து வைத்தார். "இந்தா பேச்சி, மூஞ்சியத் திருப்பிட்டேன். இனி ஒன் முதுகுல குத்தாது. சத்தம்லாம் வெளிய போயிரும்" என்றார். டார்ச் லைட்டைத் திருப்பினால் வெளிச்சம் திரும்புவதுபோலச் சத்தமும் திரும்பும் என்று நினைத்துவிட்டார்.

அடிக்குரல் அப்படிப் போவதில்லை. கீச்சென்ற சத்தத்துக்குத்தான் முகமும் முதுகும் உண்டு. குத்தோ கிணற்றில் எழும்பும் அலை மாதிரி, பெட்டி எந்தப் பக்கம் பார்த்தாலும் சுற்றிக்கொண்டு எல்லாப் பக்கமும் வரும். எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைவிட எதை ஒட்டி இருக்கிறது என்பதுதான் அதற்கு முக்கியம். மூலையை ஒட்டி வைத்தால் பெருகும். மெல்லிய தகட்டை ஒட்டி வைத்தால் அந்தத் தகடே மேளத் தோலாகிவிடும். அவர் திருப்பி வைத்தது வேனின் மூலையில், பின்கதவுத் தகட்டுக்கு நேரே.

அன்று சாயங்காலம் நான் ஊரில் இருந்தேன். வெள்ளிக்கிழமை, கடை விடுமுறை. தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். பிள்ளையார் கோயில் திருப்பத்தில் வேன் வரும்போதே தரை தொம் என்றது. குடம் கையிலிருந்து விழுந்தது. ஊரே வெளியே வந்தது. எல்லோரும் அண்ணாந்தார்கள். சீசன் நேரம், எல்லாத் திசையிலும் எல்லோர் வீட்டு ஆட்களும் வேலைக்குப் போயிருந்தார்கள். புகை எங்கேயும் இல்லை. புகை இல்லாதது இன்னும் பயமாக இருந்தது. மறுபடியும் தொம். ஒருத்தி மகன் பெயரைச் சொல்லி மார்பில் அடித்துக்கொண்டு மண்ணில் விழுந்தாள். வடித்த கஞ்சிப் பானையோடு ஓடி வந்த இன்னொருத்தி காலில் கொட்டிக்கொண்டு அலறினாள். அப்போதுதான் திருப்பத்தில் வேன் தெரிந்தது. ஜன்னலோரம் பெண்கள் கையை ஆட்டிப் பாடிக்கொண்டு வந்தார்கள்.

ஒரு நிமிஷம் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் ஊர் கொதித்தது.

வேன் நின்றதும் அக்காதான் முதலில் இறங்கினாள். முகம் வெளிறி, உதட்டைக் கடித்து ரத்தம் வந்திருந்தது. கம்பெனியிலிருந்து ஊர்வரை வழிநெடுக அந்தக் குத்தை உட்கார்ந்து வாங்கியிருக்கிறாள், இன்னொரு தடவை குதித்தால் வேலை போய்விடும் என்று. குழாயடியில் கிடந்த கல்லைத் தூக்கி முன் கண்ணாடியில் போட்டாள். அது சிலந்தி வலை மாதிரி விரிந்து உள்ளே கொட்டியது. அதற்குள் ஆண்கள் கருப்பசாமி அண்ணனைச் சட்டையைப் பிடித்து ஜன்னல் வழியாகவே இழுத்துவிட்டார்கள்.

"ஏலே, எழவு வீட்டு மேளமாலே அடிக்க?"

"அண்ணே, பாட்டுண்ணே… வெறும் பாட்டுண்ணே…"

பெல்ட்டால் அடித்தார்கள், காலால் மிதித்தார்கள். அவர் வாயிலிருந்து ஒரு பல் மண்ணில் விழுந்ததைப் பார்த்தேன். காது மடல் கிழிந்து தொங்கியது. வேனுக்குள் பாட்டு யாரும் நிறுத்தாமல் ஓடிக்கொண்டே இருந்தது. அடியும் குத்தும் மாறி மாறி விழுந்தன.

நான் குறுக்கே போய் விழுந்து, "பெட்டியில தப்பு இல்ல, வச்ச இடந்தான் தப்பு!" என்று கத்தினேன். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஒரு மனிதனைக் கொன்றுகொண்டிருக்கும்போது பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் அதைக் கேட்டு ஒருத்தி மட்டும் திரும்பினாள்.

"நீயா வச்ச?" என்றாள் அக்கா.

தலையாட்டினேன். அறை விழுந்தது. மூக்கில் சூடாக வழிந்தது. "இதுக்காடி ஒன்னப் படிக்க வச்சேன்? அந்தச் சத்தத்தப் பெட்டியில அடைச்சு வீட்டு வாசல்ல கொண்டாந்து விடுறதுக்கா?"

அவளிடம் அதற்கு முன்னும் பின்னும் நான் அடி வாங்கியதில்லை.

கருப்பசாமி அண்ணன் தையல் போட்டுக்கொண்டு திரும்பி வந்ததும் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். பேச்சியம்மாள் என் வண்டியில் ஏறக் கூடாது. எங்கள் ஊருக்கு வந்த வேன் அது ஒன்றுதான். பக்கத்து ஊர் வேனிலோ இதைவிடப் பெரிய செட்டு. பஸ் போகாத காட்டுக்குள் இருந்தது கம்பெனி. வேன் இல்லையென்றால் அவளுக்கு வேலை இல்லை. கம்பெனி ஏஜெண்டும் "டிரைவர் ஏத்தலேன்னா நான் என்ன செய்ய முடியும்?" என்று கையை விரித்துவிட்டார். அக்கா மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் முதல் தன்னோடு அந்தப் பிள்ளையையும் வீட்டில் தீப்பெட்டி ஒட்ட வைக்க வேண்டியதுதான் என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள். பிள்ளை அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்திருந்தது.

என் சம்பளத்தைத் தருகிறேன் என்றேன். "ஒன் சம்பளத்துல உக்காந்து திங்கவா நான் ஒன்னப் படிக்க வச்சேன்?" என்றாள். தலைக்கனம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

கருப்பசாமி அண்ணன் வீட்டுக்குப் போனேன். காதில் கட்டும் வீங்கிய வாயுமாகக் கட்டிலில் கிடந்தார்.

"அண்ணே, அக்காவ ஏத்திக்கோங்க."

"ஒங்க அக்கா என் கண்ணாடிய ஒடச்சா. ஒங்க ஊர்க்காரனுக என் பல்ல ஒடச்சானுக. நீ இங்கன வந்து நாயம் பேசுற."

"அப்போ பெட்டியக் கழத்திருங்க. அவ சும்மா வருவா."

"கழத்துனா அடிக்குப் பயந்துட்டான்னு பேராயிரும். செத்தாலும் கழத்த மாட்டேன்."

"கழத்த வேண்டாம். ஒங்களுக்கு நெஞ்சுல குத்தும், வெளிய கேக்காது, அவ சீட்டுல ஒண்ணுமே இருக்காது. அப்படி வச்சுக் குடுத்தா ஏத்துவீகளா?"

அவர் வலியோடு சிரித்தார். "ஒரே வண்டி, ஒரே பெட்டி. எனக்குக் குத்தும், அவளுக்குக் குத்தாதா? செஞ்சு காட்டு. ஏத்துறேன்."

வாக்குக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். முடியும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். செய்து பார்த்ததில்லை.

அடுத்த விடுமுறை நாளில் முதலாளியிடம் கெஞ்சிக் கடையைத் திறக்க வைத்து, வேனை உள்ளே விட்டேன். முதலில் பின்கதவு. மேளத் தோலை மந்தமாக்க வேண்டும். பிரஸ்ஸில் காலண்டருக்கு வெட்டியது போக மிஞ்சிய கனமான அட்டைத் துண்டுகளை ஒரு சாக்கில் அள்ளி வந்தேன். தாரைக் காய்ச்சி, தகட்டுக்கு உள்ளே தடவி, அட்டையை அடுக்கு அடுக்காக ஒட்டினேன். விரலால் சுண்டினால் டங்கென்று கேட்ட கதவு, அதன் பிறகு பூசணிக்காயைத் தட்டியதுபோல் கேட்டது.

பிறகு பெட்டி. அதை மூலையிலிருந்து எடுத்து வண்டியின் நீளத்துக்கு நடுவில், தரையில் ரப்பர் போட்டு வைத்துப் பார்த்தேன். முட்டி இடித்தாலும் உட்கார முடிந்தது. மூலையில் இருந்தபோது கிடைத்த பெருக்கம் போய்விட்டது. ஆனாலும் பின் சீட்டில் இன்னும் தட்டியது. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுவிட்டு, ஒவ்வொரு சீட்டாக உட்கார்ந்து நெஞ்சில் கையை வைத்துக் கேட்டேன். வெளியே நின்ற முதலாளி, "புள்ளைக்கு நெஞ்சு வலியா?" என்று யாரிடமோ சொன்னது கேட்டது. மதியத்துக்கு மேல்தான் அந்த யோசனை வந்தது. பின்பக்கம் இருந்த இரண்டு சின்ன ஸ்பீக்கர்களை எடுத்துவிட்டுக் கொஞ்சம் பெரியதாகப் போட்டு, அவற்றின் ஒயர்களை மட்டும் மாற்றி மாட்டினேன். பிளஸ்ஸில் மைனஸ், மைனஸில் பிளஸ். நடுவில் இருக்கும் பெட்டி காற்றைத் தள்ளும்போது பின் ஸ்பீக்கர் இழுக்கும். அது இழுக்கும்போது இது தள்ளும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒன்றை ஒன்று தின்றுவிடும். அந்த இடத்தைப் பின்கதவு ஓரத்துக்குக் கொண்டுவரப் பெட்டியை ஒரு சாண் முன்னால், அரைச் சாண் பின்னால் என்று நகர்த்திக்கொண்டே இருந்தேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் அது நடந்தது. பின் சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்து நெஞ்சில் கை வைத்தேன். ஒன்றுமே இல்லை. பாட்டு கேட்டது, குரல் கேட்டது, குத்து இல்லை. ஒரு ஆள் தள்ளி நகர்ந்தால் இருந்தது. திரும்ப நகர்ந்தால் இல்லை. மழைக்குள் ஒரு ஆள் அளவுக்கு நனையாத இடம் கிடைத்த மாதிரி இருந்தது. கருப்பசாமி அண்ணன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து தலையை ஆட்டினார். அவருக்கு நன்றாகவே குத்தியது.

அக்காவைச் சம்மதிக்க வைத்தது பெரும்பாடு. கையில் ஒரு கல்லை எடுத்துக்கொண்டுதான் ஏறினாள்.

"குத்துச்சுன்னு வையி, மொத ஒன் மண்டையப் பொளந்துட்டுத்தான் அவன் மண்டைக்குப் போவேன்."

"பொள" என்று சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டேன். கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். கல்லைப் பிடித்திருந்த விரல் நகமெல்லாம் வெளுத்திருந்தது. பாட்டு பாதி ஓடியது. ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"போட்டாச்சா?"

"அப்பவே போட்டாச்சு."

கருப்பசாமி அண்ணன் முன்னால் இருந்தபடியே திரும்பாமல் சொன்னார்: "நாளைக்கு லேட்டா வந்தா நிக்க மாட்டேன்னு சொல்லு." அவ்வளவுதான். அவர்கள் இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அவள் சீட்டு அவளுக்குத் திரும்பக் கிடைத்தது.

அந்த வருடம் தீபாவளி நெருங்கிய நேரம், ஒரு சனிக்கிழமை. ஆம்ப்ளிஃபையரின் ஃபியூஸ் போய்விட்டது என்று கருப்பசாமி அண்ணன் கடைக்குப் போன் செய்தார். கம்பெனி கேட்டுக்கு வெளியே போய் மாற்றிக் கொடுத்துவிட்டு, அதே வேனில் ஊருக்குக் கிளம்பினேன். சம்பள நாள் என்பதால் பெண்கள் மதியமே வேலை முடித்து ஏறியிருந்தார்கள். அவசர ஆர்டருக்காகச் சில ஷெட்டுகளில் மட்டும் ஆட்கள் இருந்தார்கள். நான் டிரைவருக்குப் பக்கத்தில், இன்ஜின் மூடிமேல் உட்கார்ந்திருந்தேன். பாட்டு அதிர்ந்தது. பெண்கள் கை தட்டினார்கள். என் வேலையைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

பின்னாலிருந்து அக்கா கத்தினாள். "வண்டிய நிறுத்து!"

"ஆரம்பிச்சிட்டாடி" என்றாள் முத்துலட்சுமி. சிரித்தார்கள். கருப்பசாமி அண்ணன் முகத்தைச் சுளித்தார், நிறுத்தவில்லை.

தூக்குச்சட்டி பறந்து வந்து அவர் பிடரியில் விழுந்தது. பிரேக் போட்டதில் நான் முன்னால் போய் முட்டினேன். அவர் "மூதேவி" என்று கத்திக்கொண்டு இறங்கி ஓடினார். பின்கதவைத் திறந்து அக்காவின் கையைப் பிடித்து ரோட்டில் இழுத்துப் போட்டார். ஓங்கிய கை அப்படியே நின்றது.

அவள் கீழே கிடந்தபடி கம்பெனியைக் காட்டினாள். வெள்ளைப் புகை ஒரு பனைமரம் உயரத்துக்கு நேராக நின்றது.

எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. எங்கள் நெஞ்சில் ஏற்கெனவே பாட்டு குத்திக்கொண்டிருந்தது. அந்த வேனில் குத்து விழாத ஒரே இடத்தில் இருந்தவளுக்கு மட்டும் அது வந்து சேர்ந்திருக்கிறது. நான் ஒயரைப் பிடுங்கினேன். அமைதியான அடுத்த நொடியில் இரண்டாவது வெடித்தது. அதை எல்லோரும் உள்ளங்காலில் வாங்கினோம்.

"திருப்புலே" என்றாள் அக்கா.

கம்பெனி கேட் உள்ளே பூட்டியிருந்தது. வாட்ச்மேன் சாவிக்கொத்தை மார்போடு பிடித்துக்கொண்டு, "மேனேஜர் சொல்லாமத் தொறக்கக் கூடாது, சரவெடி ஷெட்டுப் பக்கம் தீ போவுது" என்றான். உள்ளே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். கருப்பசாமி அண்ணன் வண்டியைப் பின்னால் எடுத்தார். கேட்டிலிருந்தவர்களை விலகச் சொல்லிப் பெண்கள் அலறினார்கள். ஒரே மோதலில் ஒரு கதவு பிய்ந்து விழுந்தது.

உள்ளே பார்த்ததை முழுக்கச் சொல்ல மாட்டேன். ஒருத்தி கையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தாள். கையிலிருந்து சேலைத் துணி தொங்குகிறது என்று நினைத்து அதை ஒதுக்கப் போனேன். சேலை இல்லை. அவள் தண்ணீர் கேட்டாள். குரல் சாதாரணமாக, விருந்துக்கு வந்தவள் கேட்பதுபோல இருந்தது. இன்னொரு ஷெட்டின் சுவர் சரிந்து அடியில் இரண்டு கால்கள் துடித்தன. பெண்கள் வெறுங்கையால் செங்கலைப் பிடுங்கினார்கள். அக்கா வாசலில் நிற்கவில்லை. மச்சான் செத்த பிறகு முதல்முறையாகக் கதவைத் தாண்டி மூலைவரை போனாள். அவள் இழுத்து வந்த ஆட்களின் சூட்டில் அவளது இரண்டு உள்ளங்கையும் வெந்தன.

ஆட்களைப் படுக்க வைக்க வேனில் இடம் இல்லை. நடுவில் பெட்டி உட்கார்ந்திருந்தது. திருகு கழற்றப் பொறுமை ஏது? பல் போனபோதும் காது கிழிந்தபோதும் கழற்ற மாட்டேன் என்ற மனிதர், அதைக் காலால் மிதித்தார், ஜாக்கியால் அடித்தார். பலகை பிளந்து, ஒயரெல்லாம் பிய்ந்து வந்த பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிக் கருவேல முள்ளுக்குள் வீசினார். அந்த இடத்தில் இரண்டு பேரை நீட்டிப் படுக்க வைத்தோம். சிவகாசி ஆஸ்பத்திரிக்கு வேன் போன வேகத்தில் பின்கதவு ஆடிக்கொண்டே வந்தது. அக்கா அதை முதுகால் சாத்திப் பிடித்துக்கொண்டு, மடியில் ஒரு தலையை வைத்திருந்தாள். அந்தத் தலை வழியிலேயே பேச்சை நிறுத்திவிட்டது. மற்றவர்களில் சிலர் பிழைத்தார்கள். சுவருக்கடியில் கிடந்த கால்களுக்குச் சொந்தக்காரன் பிழைத்தான்.

பிறகு கம்பெனி கொஞ்ச நாள் மூடிக் கிடந்து திறந்தது. வேன் மறுபடி வந்தபோது பாட்டு இல்லை. பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு பேசாமல் போனார்கள். அந்த மௌனத்தை முதலில் தாங்க முடியாமல் போனது அக்காவுக்குத்தான். சண்டைக்குப் பிறகு கருப்பசாமி அண்ணனிடம் அவள் கத்தாமல் பேசிய முதல் பேச்சு இது:

"பெட்டிய வையிண்ணே. புள்ளைக பாட்டுக் கேட்டுக்கிட்டு வரட்டும். ஒரு ஆளு முழிச்சிருந்தாப் போதும்."

முதலாளி அசல் விலைக்கே புதுப் பெட்டி கொடுத்தார். நான் மறுபடியும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அந்த இடத்தைத் தேடிப் பிடித்துக் கொடுத்தேன். அதன் பிறகு அது பேச்சியக்கா சீட்டு ஆகிவிட்டது. அவள் லீவு போட்டால் அந்த இடத்தைக் காலியாக விட மாட்டார்கள். "இன்னைக்கு யாருடி முழிக்கிறது?" என்று கேட்டு, ஒருத்தி வந்து உட்கார்ந்த பிறகுதான் பாட்டு. பெரும்பாலும் முத்துலட்சுமிதான் உட்காருவாள். கிழிந்த முழங்கையைத் தடவிக்கொண்டு, கண்கொட்டாமல் ஊர்வரை வருவாள்.

இப்போது கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். அந்தக் கம்பெனியின் லைசென்ஸ் பிறகு ரத்தாகி, ஷெட்டுகளெல்லாம் முள் மண்டிக் கிடக்கின்றன. அக்காவின் கை முழுதாகக் குணமாகவில்லை. வலி தாங்காத அன்று வேலையை விட்டாள், வேறு யாரும் விடச் சொல்லவில்லை. அதற்குள் அவள் மகள் பத்தாவது தாண்டியிருந்தாள். இன்று எங்கள் ஊருக்கு வருகிற வேன்களில் பெட்டி கிடையாது. ஒவ்வொரு பெண்ணும் காதில் தன் பாட்டை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறாள். முழிப்பது யார் என்று யாரும் கேட்பதில்லை. தொம்மென்று கேட்டால்கூடத் தெருவுக்கு ஓடி வருவது குறைந்துவிட்டது. வாசற்படியில் நின்று போனைப் பார்க்கிறார்கள்.

கருப்பசாமி அண்ணன் வேனை விற்றுவிட்டார். ஒருநாள் விருதுநகரில் வத்தல் குடோன் வாசலில் அதைப் பார்த்தேன். நிறம் மாற்றியிருந்தார்கள், ஆனால் கேட்டை முட்டிய முன்பக்க நெளிவு அப்படியே இருந்தது. பின்கதவு திறந்திருந்தது. சீட்டையெல்லாம் பிடுங்கிவிட்டு, அக்கா உட்கார்ந்த கதவோரம்வரை மிளகாய் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள்.